லேப்பிலிருந்து மார்க்கெட்டுக்கு: எம்பிஏ மாணவர்களுக்கான பாடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் ஏழு வருடமாக ஒரு விருப்பப்பாடம் நடத்துகிறேன். ஆய்வகங்களில் பிறக்கும் புதுத் தொழில்நுட்பத்தைச் சந்தைக்குக் கொண்டுபோவது எப்படி என்பதுதான் பாடம். ஒவ்வொரு ஜூனிலும் சேரலாமா வேண்டாமா என்று தயங்கும் மாணவர்களும், தங்கள் கல்லூரியிலும் ஆரம்பிக்கலாமா என்று விசாரிக்கும் ஆசிரியர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

இந்தப் பாடத்தில் அப்படி என்னதான் நடக்கிறது?

ஓர் ஆய்வகத்தில் யாரோ ஒருவர் நாலைந்து வருடம் உழைத்து ஒன்றைச் செய்து வைத்திருப்பார். அது வேலையும் செய்யும், ஆனால் லேப்பின் வாசலைத் தாண்டியிருக்காது. அதை நான்கு பேர் கொண்ட மாணவர் குழுவிடம் கொடுத்து, இதை யார் காசு கொடுத்து வாங்குவார், எதற்காக வாங்குவார், எவ்வளவு கொடுப்பார், அவர் கைக்குப் போய்ச் சேர இடையில் என்னென்ன ஆக வேண்டும் என்று 14 வாரத்தில் கண்டுபிடித்து வரச் சொல்கிறோம். யாருமே வாங்க மாட்டார்கள் என்று ஆதாரத்தோடு வந்து சொன்னாலும் அது சரியான விடைதான், முழு மார்க் உண்டு. வகுப்பறையில் இருப்பது வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் மண்டி, மில், ஆஸ்பத்திரி வராண்டா.

தொழில்முனைவோர் பாடம் ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்குத் தனியாக?

அந்தப் பாடத்தில் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு விடை தேடுவீர்கள். இங்கே விடை கையில் இருக்கிறது, அது எந்தக் கேள்விக்கான விடை என்றுதான் தெரியாது. இது கொஞ்சம் விபரீதமான வேலை. ஜோடிச் செருப்பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் கால் தேடுவது மாதிரி.

முதல் வகுப்பில் நான் சொல்வது போஸ்ட்-இட் கதை, ஆபீஸில் ஒட்டி எடுக்கும் அந்தக் குட்டிக் குறிப்புத் தாள். 1968-ல் அமெரிக்காவின் த்ரீஎம் கம்பெனியின் வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் பலமான பசை செய்யப் போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் ஒரு பசையில் வந்து நின்றார். இதை என்ன செய்யலாம் என்று கம்பெனிக்குள் வருடக்கணக்கில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். 1974-ல் அவருடன் வேலை பார்த்த ஆர்ட் ஃப்ரை, சர்ச்சில் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்த துண்டுச்சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறதே என்று எரிச்சல்பட்டபோதுதான் அந்தப் பசை ஞாபகம் வந்தது. எல்லோரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு இதற்கு அப்புறம் நடந்ததுதான் வேண்டும். 1977-ல் நாலு நகரங்களில் வேறு பெயரில் விற்றுப் பார்த்தார்கள், சரியாகப் போகவில்லை. ஏனென்றால் சொன்னால் புரிகிற பொருள் இல்லை அது, எடுத்து ஒட்டிப் பார்த்தால்தான் புரியும். அடுத்த வருடம் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்ற ஊரில் ஆபீஸ் ஆபீஸாகப் போய்ச் சும்மா கொடுத்தார்கள். பயன்படுத்தியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாங்குவோம் என்றார்கள். நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது 1980-ல். ஆக மொத்தம் 12 வருடம், பசை முதல் வருடமே கையில் இருந்தது. மீதி வருடங்களில் நடந்ததைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கிறோம்.

நான் பி.காம். படித்துவிட்டு எம்பிஏ சேர்ந்தவள். தொழில்நுட்பம் எனக்குப் புரியுமா?

புரியும். சொல்லப் போனால் இன்ஜினீயரிங் முடித்தவர்கள்தான் எனக்குத் தலைவலி. அவர்கள் கருவியைப் பார்த்ததும் அதை இன்னும் நன்றாக்க ஆரம்பித்துவிடுவார்கள், மூன்று வாரம் போனதே தெரியாது. உங்களுக்கு அந்த ஆசை வராது. "இது பழுதானால் யார் சரி செய்வார், எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்கும் ஆள் ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது வேண்டும். அது பெரும்பாலும் பி.காம்.காரர்தான்.

தொழில்நுட்பம் எங்கிருந்து கிடைக்கும்?

வெளியூர் ஆசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேட்கும்போதே நம் பக்கம் ஒன்றும் இல்லை என்ற தொனி இருக்கும். தமிழ்நாட்டில் அரசு ஆய்வகங்களுக்குப் பஞ்சமே இல்லை. அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம், காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது), கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், ஜவுளிக்கு சிட்ரா, தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு தேசிய நிறுவனம். இவற்றில் பல, தொழில்முனைவோருக்குக் கொடுக்கத் தயாராக உள்ள தொழில்நுட்பங்களைப் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன. இது போக, அரசு ஆய்வகங்களின் கண்டுபிடிப்புகளைத் தொழிலுக்குக் கொடுப்பதற்கென்றே 1953-லிருந்து தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் டெல்லியில் இருக்கிறது. நம் விரலில் வைக்கும் தேர்தல் மை அந்த வழியாக வந்ததுதான். தேசிய இயற்பியல் ஆய்வகம் உருவாக்கிய மை, மைசூர் பெயின்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கப்பட்டு, 1962 தேர்தலிலிருந்து இன்று வரை அங்கிருந்துதான் வருகிறது. முக்கியமாக வாங்குபவர் ஒரே ஒரு ஆள், தேர்தல் ஆணையம். சிறிய மார்க்கெட் என்று சொல்ல முடியுமா?

பெரிய நிறுவனம் கதவைத் திறக்கவில்லை என்றால், பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியில் பிஎச்டி முடிக்கப்போகும் ஒருவரைப் பிடியுங்கள். ஆய்வேடு எழுதி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று உட்கார்ந்திருப்பார். அவரை விட ஆர்வமான ஆள் கிடைக்க மாட்டார்.

லேப்புக்குப் போனால் முதலில் என்ன கேட்க வேண்டும்?

"சார், இதை எங்கே வைத்துச் சோதித்தீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும், மீதி தானாக வரும்.

தொழில்நுட்பம் எந்த அளவுக்குத் தயார் என்று அளக்க நாசாவில் 1970-களில் ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். இப்போது அதில் 9 படிகள் இருக்கின்றன, உலகம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அடிப்படைத் தத்துவம் தெரியும் என்பது முதல் படி, உண்மையான சூழலில் ஓடி நிரூபித்துவிட்டது என்பது ஒன்பதாவது. "எல்லாம் ரெடி, விற்பது மட்டும்தான் பாக்கி" என்று பேராசிரியர் சொல்லும் பொருள் பெரும்பாலும் நாலாவது படியில், அதாவது லேப் மேஜை மேல் ஏசி அறையில் ஒழுங்காக ஓடுகிற நிலையில் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய உலகத்தில் அது ரெடிதான். ஸ்பின்னிங் மில்லில் பறக்கும் பஞ்சு, பங்குனி வெயில், வோல்டேஜ் ஏற்ற இறக்கம் எல்லாம் அவர் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

இன்னொன்று. பேராசிரியர்களுக்கு எம்பிஏ மாணவர்களைக் கண்டால் லேசான பயம் உண்டு, வந்து விற்றுவிட்டுப் போய்விடுவார்களோ என்று. முதல் சந்திப்பில் பிரசன்டேஷனோடு போகாதீர்கள். நோட்டோடு போய் உட்கார்ந்து கேளுங்கள்.

எத்தனை பேரிடம் பேச வேண்டும்? இணையத்தில் தேடினால் போதாதா?

குறைந்தது 40 பேர், அதில் 30 பேரை நேரில். இணையத்தில் இருப்பது ஏற்கெனவே இருக்கும் மார்க்கெட்டின் அளவு. உங்கள் பொருளுக்கு மார்க்கெட்டே இன்னும் இல்லையே, எங்கே தேடுவீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு குழுவுக்கு மஞ்சளில் ஈரப்பதம் அளக்கும் கையடக்கக் கருவி கிடைத்தது. விரலி மஞ்சளை உடைக்காமலே சொல்லிவிடும். ஈரோடு பக்கத்தில் இருக்கிறது, மஞ்சள் ஏலம் நடக்கிறது, வியாபாரிகள் வரிசையில் நின்று வாங்கப் போகிறார்கள் என்று பையன்கள் கிளம்பிப் போனார்கள். அங்கே ஒரு வயதான வியாபாரி ஒரு விரலியை எடுத்து உடைத்து, அந்தச் சத்தத்தைக் கேட்டு, ஈரம் இவ்வளவு என்றார். நன்கு காய்ந்த மஞ்சள் உடையும்போது உலோகம் மாதிரி ஒரு சத்தம் வரும். கருவி காட்டியதும் அதை ஒட்டித்தான் இருந்தது. "தம்பி, இந்த மிசின் சொல்றத நானும் சொல்லீட்டனுங்களே, அப்புறம் எதுக்குங் காசு?" என்று சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பையன்களுக்கு முகம் தொங்கிப் போச்சு. விவசாயிகளிடம் போனார்கள். அவர்கள் சொன்னது இன்னும் சங்கடம்: "மிசின்ல 10 வந்தாலும் வாங்கறவரு 12-ன்னு சொன்னா 12 தானுங்க." அளவு தெரிவதால் மட்டும் பேரம் மாறாது என்பது அவர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் படிக்காதது. ஏழாவது வாரம் தற்செயலாக ஒரு குடோன் மேனேஜரைப் பார்த்தார்கள். பல ஊர் மஞ்சள் வந்து மாதக்கணக்கில் இருப்பு இருக்கும் இடம். வந்த மூட்டையில் நாலைந்து சரியாகக் காயாமல் இருந்து பூஞ்சணம் பிடித்து, பக்கத்து மூட்டைகளும் போய், அந்த வருடம் அவருக்கு நஷ்டம். அவருக்கு மஞ்சளை உடைத்துச் சத்தம் கேட்கும் அனுபவம் கிடையாது, அவருக்குக் கீழே இருக்கும் பையன்களுக்கும் கிடையாது. அவர்தான் "என்ன விலை?" என்று முதலில் கேட்டவர். அவருக்கும் கருவி அப்படியே வேண்டாம், மூட்டைக்குள் குத்திப் பார்க்கிற மாதிரி ஒரு கம்பி வேண்டும் என்றார். லேப்பில் அதைச் செய்ய எட்டு மாதம் ஆகும் என்றார்கள், செமஸ்டர் முடிந்துவிட்டது. அந்தக் குழுவுக்கு அந்த வருடம் முதல் மார்க்.

(மஞ்சள் என்றதும் ஒரு கிளைக்கதை. காயத்துக்கு மஞ்சள் வைப்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள். நம் அரசு ஆய்வகங்களை நடத்தும் சிஎஸ்ஐஆர் அமைப்பு பழைய நூல் ஆதாரங்களைக் காட்டி மறுஆய்வு கேட்டு 1997-ல் ரத்து செய்ய வைத்தது. காப்புரிமை வகுப்பில் யாரும் தூங்காத ஒரே பத்து நிமிடம் இது.)

நேர்காணலில் எப்படிக் கேட்பது?

"இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். நல்லாருக்கு தம்பி, வந்ததும் சொல்லுங்க என்பார்கள். அதை நோட்டில் "ஆர்வமுள்ள வாடிக்கையாளர்" என்று எழுதிவிட்டு வருவீர்கள்.

நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக எப்போது இந்தத் தொல்லை வந்தது, அன்றைக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவாச்சு, அதற்கு முன் வேறு ஏதாவது வாங்கிப் பார்த்தீர்களா, அது இப்போது எங்கே கிடக்கிறது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூலையில் தூசி படிந்து கிடக்கும் பழைய கருவியைப் பார்த்தாலே உங்கள் பொருளுக்கு என்ன ஆகும் என்று பாதி தெரிந்துவிடும்.

பயன்படுத்துபவர், காசு கொடுப்பவர், வேண்டாம் என்று தடுக்கக்கூடியவர் மூவரும் வேறு வேறு ஆட்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மில்லில் முதலாளி சரி என்றாலும் ஃபிட்டருக்குப் பிடிக்கவில்லை என்றால் உங்கள் கருவி ஒரு மாதத்தில் "ரிப்பேர்" ஆகிவிடும்.

நேர்காணல் குறிப்புகளை ஏஐ வைத்து எழுதிவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

சுலபம். பொய்க் குறிப்பில் எல்லோரும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருப்பார்கள். உண்மையான குறிப்பில் நடுவில் கரண்ட் போயிருக்கும், மாப்பிள்ளை பற்றிப் புகார் இருக்கும், ஜிஎஸ்டி பற்றிப் பத்து நிமிடம் திட்டு இருக்கும். ஒரு வருடம் ஒரு குழு 22 நேர்காணலை அப்படித் தயாரித்துக் கொண்டுவந்தது, 22 பேரும் இலக்கணச் சுத்தமாக ஆர்வம் தெரிவித்திருந்தார்கள். மறுபடி செய்யச் சொன்னேன். இப்போது குழுவில் ஒருவரை எழுப்பி, "அந்த மில் வாசலில் என்ன இருந்தது?" என்று கேட்டுவிடுவேன்.

காப்புரிமை பற்றி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

வக்கீல் ஆக வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் தெரியாமல் போனால் மொத்தமும் போய்விடும்: விண்ணப்பம் போடுவதற்கு முன் வெளியே சொல்லாதீர்கள். இந்தியாவில் சில குறுகிய விதிவிலக்குகள் தவிர, ஆய்வுக் கட்டுரையாகவோ கண்காட்சியிலோ வெளிவந்துவிட்டால் அது புதியது அல்ல என்றாகிவிடும். தொழில் யோசனையை எடுத்துச் சொல்லும் பிட்ச் போட்டியில் மேடையேறி எல்லாவற்றையும் சொல்லிப் பரிசும் வாங்கிவிட்டு, அப்புறம் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் எங்கே இருக்கிறது என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி தற்காலிக விண்ணப்பம். அதைப் போட்டுவிட்டால் முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனம் என்றால் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 8,000. வக்கீல் கட்டணம் வேறு, அது இதைவிடப் பல மடங்கு. காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். வெறும் சாஃப்ட்வேருக்கு இங்கே காப்புரிமை இல்லை என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், பாதிக் குழுக்கள் ஆப் செய்கிறோம் என்றுதான் வருகின்றன.

லைசென்ஸ் கொடுப்பதா, சொந்தமாகக் கம்பெனி ஆரம்பிப்பதா?

மாணவர்கள் எல்லோரும் கம்பெனி என்பார்கள், விசிட்டிங் கார்டில் சிஇஓ என்று போட்டுக்கொள்ளலாம் என்பதால். லைசென்ஸ் என்பது ஏற்கெனவே தொழிற்சாலை, டீலர், வண்டி எல்லாம் வைத்திருப்பவரிடம் உரிமையைக் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாக வாங்குவது. அலுப்பான வழி, பல நேரம் அதுதான் சரியான வழி.

லைசென்ஸிலும் ஒருவருக்கு மட்டும் கொடுப்பதா, கேட்கிற எல்லோருக்குமா என்று பார்க்க வேண்டும். இதற்கு நான் எடுப்பது ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும் சான் பிரான்சிஸ்கோவின் ஹெர்பர்ட் போயரும் கண்டுபிடித்த மரபணு ஒட்டும் முறை. 1973-ல் கட்டுரை வந்துவிட்டது. அமெரிக்காவில் கட்டுரை வந்த பிறகும் விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு, அது முடிவதற்குச் சில நாள் முன்னால் 1974-ல் விண்ணப்பம் போட்டார்கள், வெளிநாட்டு உரிமை எல்லாம் போயே போச்சு. ஆனால் இந்த முறை எல்லோருக்கும் தேவைப்படுகிற அடிப்படைக் கருவி என்பதால் யார் கேட்டாலும் கொடுத்தார்கள், ஆரம்பத்தில் கட்டணம் வருடத்துக்கு 10,000 டாலர்தான். 1997-ல் காலாவதி ஆவதற்குள் 400-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் வாங்கின, மொத்த வருமானம் 25 கோடி டாலருக்கு மேல். அதே ஸ்டான்ஃபோர்ட் கூகுளின் தேடல் முறையை கூகுளுக்கே கொடுத்துப் பணத்துக்குப் பதில் பங்கு வாங்கியது, 2005-ல் விற்றபோது கிடைத்தது சுமார் 33 கோடி டாலர்.

மூன்றாவது வழி ஒன்றை நம் ஊரிலேயே பார்க்கலாம். கோவை முருகானந்தம் மலிவு விலை சானிட்டரி நாப்கின் மெஷினைச் செய்தபோது, உரிமையை ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றிருக்கலாம், அவரே ஒரு பிராண்ட் ஆரம்பித்திருக்கலாம். இரண்டும் இல்லாமல், மெஷினைப் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். அவர்களே தயாரித்து, அவர்களே பெயர் வைத்து, வீடு வீடாகப் போய் விற்றார்கள். கடையில் ஆண்களிடம் கேட்கக் கூச்சப்படும் ஊரில் அதுதான் சரியான டீலர் நெட்வொர்க். இதை எந்த மார்க்கெட்டிங் பாடத்திலும் முன்கூட்டியே யோசித்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பொருள் தயார், ஆளும் கிடைத்துவிட்டார். இன்னும் என்ன தடை?

கூட வரவேண்டியவை. ஏத்தர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-ல் ஆரம்பித்த கம்பெனி. ஸ்கூட்டர் வாடிக்கையாளர் கைக்குப் போனது 2018-ல்தான், அதுவும் பெங்களூரில் ஊர் முழுக்க சார்ஜ் போடும் இடங்களையும் சேர்த்து அமைத்துக்கொண்டே. வண்டியை மட்டும் விற்றிருந்தால் வழியில் நின்றுபோகுமோ என்ற பயத்திலேயே யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள்.

சில நேரம் சட்டம்தான் மார்க்கெட்டை உண்டாக்கும். திருப்பூர் சாயப்பட்டறைகளுக்குக் கழிவுநீரைச் சுத்தமாக்கும் தொழில்நுட்பம் ரொம்ப நாளாகவே இருந்தது, ஆனால் செலவு அதிகம் என்று தள்ளிப்போட்டார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி நொய்யல் விவசாயிகள் வழக்கு மேல் வழக்கு போட்டு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு அப்புறம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றினால்தான் தொழில் என்றாகிவிட்டது. உப்புத் தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறைகளை அவர்களே தேடிப் போனார்கள். ஆகவே உங்கள் பொருளைப் பற்றி எந்தச் சட்டம் என்ன சொல்கிறது, சர்டிபிகேட் யாரிடம் வாங்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும் என்று மூன்றாவது வாரமே பாருங்கள். மருத்துவக் கருவி என்றால் இரண்டாவது வாரம்.

விலை எப்படி வைப்பது?

செய்த செலவின் மேல் 20 சதவீதம் போடுவது மளிகைக்கடைக் கணக்கு. புதுப் பொருளுக்கு அது பொருந்தாது. உங்கள் கருவி ஒரு மில்லுக்கு மாதம் 3,000 ரூபாய் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது என்று வையுங்கள். 40,000 விலை வைத்தால் காசு திரும்ப 13 மாதத்துக்கு மேல். கோவை முதலாளிகள் கேட்கும் முதல் கேள்வி "எத்தன மாசத்துல காசு திரும்பும்?" ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அடுத்த டீ வராது. அதையே 30,000-க்குத் தர முடியுமா, அல்லது மிச்சமாகும் மின்சாரத்தில் பாதியை மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிப்பதுதான் வேலை.

வசூலையும் சேர்த்து யோசியுங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லிருந்தே சட்டம் இருக்கிறது. நடைமுறையில் 90 நாள் கழித்து போன் எடுத்தாலே பெரிசு.

வெளிநாட்டில் இதை எப்படி நடத்துகிறார்கள்?

அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் 2002 வாக்கில் ஆரம்பித்த டைகர் என்ற திட்டம்தான் எனக்கு முன்மாதிரி. ஒரு பிஎச்டி மாணவர், எம்பிஏ மாணவர்கள், பக்கத்து எமரி பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர்கள் எல்லோரும் ஒரே குழு. பிஎச்டி ஆய்வுதான் பாடப்பொருள். சட்டக் கல்லூரியை நான் இன்னும் இழுக்க முடியவில்லை, முயற்சி நடக்கிறது. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-ல் கொண்டுவந்த ஐ-கோர் திட்டத்தில் ஆராய்ச்சியாளர்களையே வெளியே அனுப்பி ஏழெட்டு வாரத்தில் 100 பேரிடம் பேசச் சொல்கிறார்கள். அந்த மாதிரியை வைத்து சென்னை ஐஐடியிலும் பயிற்சி நடக்கிறது.

ஸ்டான்ஃபோர்டில் மிகக் குறைந்த விலைப் பொருள்களுக்கென்றே ஒரு வகுப்பு உண்டு. டி.லைட் சூரிய விளக்கு, எம்பிரேஸ் என்ற குறைமாதக் குழந்தைகளுக்கான சூடான பை, இரண்டும் அங்கே மாணவர் புராஜெக்டாக ஆரம்பித்தவை. எம்பிரேஸ் குழு பெங்களூருக்கே குடிவந்தது. கிராமத்தில் ஒரு தாயிடம் காட்டியபோது, டாக்டர் பையின் சூட்டை 37 டிகிரி வைக்கச் சொன்னால் பாதுகாப்புக்கு 30-தான் வைப்பேன், இங்கிலீஷ் மருந்து வீரியம் ஜாஸ்தி என்றாராம். அப்புறம் டிகிரி எண்களையே எடுத்துவிட்டுச் சூடு சரியா இல்லையா என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். இந்தத் திருத்தம் எந்த லேப்பிலும் தோன்றியிருக்காது.

பணம் எங்கிருந்து வரும்?

முதல் மாதிரிப் பொருள் செய்ய மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை, ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில் 20 லட்சம் வரை மானியம் (இது 2021-ல் நாலு வருடத் திட்டமாக வந்தது, இப்போது இருக்கிறதா என்று பாருங்கள்), உயிரித் தொழில்நுட்பம் என்றால் அரசின் பைராக் அமைப்பில் 50 லட்சம் வரை. விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். மானியம் வாங்கியதையே வெற்றியாகக் கொண்டாடாதீர்கள், ஒரு வாடிக்கையாளர் கொடுக்கும் 5,000 ரூபாய் அட்வான்ஸ் எனக்கு அதைவிடப் பெரிய செய்தி.

மாணவர்கள் மார்க்கெட்டைக் கண்டுபிடித்தால் அவர்களுக்குப் பங்கு உண்டா?

சண்டை வரும் இடம் இதுதான். முதல் வாரமே ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறோம்: கண்டுபிடிப்பு ஆய்வகத்துடையது, களக் குறிப்புகள் இரு தரப்புக்கும், மாணவர் யாராவது தொடர்ந்து சேர்ந்து வேலை செய்தால் அதை அப்போது தனியாகப் பேசிக்கொள்வது. அமெரிக்காவில் அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம் என்று 1980-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே 2008-ல் அதே மாதிரி ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்தது, சட்டமாகவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கொள்கை, கேட்டு வாங்கிப் படியுங்கள்.

இதுவரை எத்தனை குழு கம்பெனி ஆரம்பித்தது?

இரண்டு. ஒன்று மூடிவிட்டார்கள். பெற்றோர் சந்திப்பில் இதைச் சொன்னால் முதல்வர் முகம் மாறும். ஆனால் இங்கே படித்த பத்துப் பன்னிரண்டு பேர் இப்போது பம்ப், ஜவுளி இயந்திரக் கம்பெனிகளில் புதுப் பொருள் பிரிவில் இருக்கிறார்கள், வேலைக்கு எடுத்தவர்கள் கேட்டதே அந்த 40 நேர்காணல் பற்றித்தான்.

எங்கள் கல்லூரியில் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். முதல் வருடம் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். ஜூனில் வகுப்பு ஆரம்பித்துவிட்டு ஆய்வகங்களுக்குக் கடிதம் எழுதினேன், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி வரும்போது ஆகஸ்ட் முடிந்துவிட்டது, மாணவர்கள் அதுவரை கேஸ் ஸ்டடி படித்துக் கொட்டாவி விட்டார்கள். பிப்ரவரியிலேயே எழுதுங்கள். ஆறு தொழில்நுட்பம் கேட்டால் மூன்று வரும். பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு குழுவுக்கு 5,000 ரூபாயாவது கல்லூரியிடம் கேட்டு வாங்கி வையுங்கள். மதிப்பெண்ணில் 40 களக் குறிப்புக்கு, 20 ஆய்வகத்தில் இருப்பவர் போடுவது, 30 அறிக்கைக்கு, 10 கடைசி நாள் கேள்வி பதிலுக்கு. கடைசி நாளுக்கு முதலீட்டாளர்களைக் கூப்பிடாதீர்கள், வந்தால் மாணவர்கள் நடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். களத்தில் சந்தித்த நாலைந்து பேரைக் கூப்பிடுங்கள். எங்கள் குடோன் மேனேஜர் இப்போது வருடாவருடம் வருகிறார், போன தடவை அந்தக் கம்பி எப்போது வரும் என்று மறுபடி கேட்டார்.